கேர்னல் கொம்பைல்: ஃபிளாக் சந்தேகங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேர்னல் கொம்பைல் பற்றியவை, அதாவது இயங்குதளத்தின் மையமான கேர்னலின் மூலக் கோட்டை ஓடக்கூடிய ஃபைலாக மாற்றுவது பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஃபிளாக்குகளை (கொம்பைலருக்கு நாம் கொடுக்கும் தெரிவுகள்) உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். எஃப், எம் என்று தொடங்குபவை அந்த ஒற்றை எழுத்தில் தொடங்குபவை. இடையில் வரும் கோடுகளை அப்படியே அடியுங்கள், முன்னாலும் ஒரு கோடு போட மறக்கவேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் எழுதுற சின்னக் கேர்னல் 32 பிட்டில் ஒழுங்காக ஓடினது. 64 பிட்டுக்கு மாத்தி ரைமர் இன்ரரப்டைத் திறந்த பிறகு, சில ஃபங்சன்களில் லோக்கல் வேரியபிள்களின் பெறுமதி தன்பாட்டில் மாறுது. எங்கே மாறுது எண்டு பார்க்க உள்ளுக்கு ஒரு பிரிண்ட் போட்டால் பிழை காணாமல் போகுது. எடுத்தால் திரும்ப வருது. இன்ரரப்ட் கோட்டைப் பலதரம் சரிபார்த்திட்டன். (மாணவி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் இன்ரரப்ட் கோட்டில் (ஓடும் வேலை இடைமறிக்கப்படும்போது ஓடும் கோட்) பிழை இல்லை, தங்கச்சி. கொம்பைலருக்கு ‘எம்நோ-ரெட்-சோன்’ கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். பிரிண்ட் போட்டால் பிழை மறைகிறது என்று எழுதினீர்களே, அதை வைத்தே சொல்லிவிடலாம்.

எக்ஸ்86-64 இல் லினக்ஸ் போன்றவை பின்பற்றும் சிஸ்ரம் வி ஏபிஐ (ஃபங்சன்கள் மெமரியையும் ரெஜிஸ்ரர்களையும் எப்படிப் பாவிக்கவேண்டும் என்ற உடன்பாடு) விதிப்படி, ஃபங்சன்களின் தற்காலிக மெமரியான ஸ்ராக்கின் நுனியைக் காட்டும் ஸ்ராக் பொயின்ரருக்குக் கீழே 128 பைட் இடம் ரெட் சோன். வேறெந்த ஃபங்சனையும் அழைக்காத ஒரு ஃபங்சன், ஸ்ராக் பொயின்ரரை நகர்த்தாமலே அந்த இடத்தில் தன் லோக்கல் வேரியபிள்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு கழித்தல் கட்டளையும் ஒரு கூட்டல் கட்டளையும் மிச்சம் என்பதால் கொம்பைலர் அதை விரும்பிச் செய்யும். சாதாரண புரோகிராமில் இதனால் ஆபத்தில்லை. இன்ரரப்ட் வந்தால் சிபியூ கேர்னலின் ஸ்ராக்குக்கு மாறிவிடும். சிக்னல் வந்தால் கேர்னல் அந்த 128 பைட்டைத் தாண்டித்தான் எழுதும்.

கேர்னலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ரரப்ட் வந்தால் ஸ்ராக் மாறாது. சிபியூ ஸ்ராக் பொயின்ரரை 16 பைட் எல்லைக்கு இறக்கி, எஸ்எஸ், ஆர்எஸ்பி, ஆர்ஃபிளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி என்ற ஐந்து ரெஜிஸ்ரர்களையும் (ஆர்எஸ்பி என்பதே ஸ்ராக் பொயின்ரர்) 40 பைட்டாக அங்கேயே தள்ளும். அதற்கு மேல் உங்கள் ஹான்ட்லர் தள்ளும் ரெஜிஸ்ரர்கள். உங்கள் வேரியபிள் இருந்த இடமும் அதுதான். பிரிண்டைச் சேர்த்ததும் அந்த ஃபங்சன் இன்னொன்றை அழைக்கும் ஃபங்சனாகிவிடுகிறது. கொம்பைலர் முறையாக இடம் ஒதுக்குகிறது, பிழை மறைகிறது. 32 பிட் இன்ரெல் ஏபிஐயில் ரெட் சோன் என்ற ஒன்றே இல்லை என்பதால்தான் அங்கே தப்பினீர்கள்.

கையால் சோதிப்பது சுகம். கேர்னல் ஃபைலை ஒப்ஜ்டம்ப் (கட்டிய ஃபைலை அசெம்பிளியாகக் காட்டும் கருவி) கொண்டு பிரித்து, பிழை வரும் ஃபங்சனின் தொடக்கத்தைப் பாருங்கள். ஆர்பிபியைத் தள்ளி, ஆர்எஸ்பியை ஆர்பிபிக்குள் எடுத்து, ஆர்எஸ்பியிலிருந்து எதையும் கழிக்காமல் ஆர்பிபிக்குக் கீழே 4, 20 என்ற தூரங்களில் எழுதத் தொடங்கினால் அது ரெட் சோன். ஓ0 (ஒப்டிமைஸ் செய்யாத கொம்பைல்) இல் இது கூடுதலாகத் தெரியும். ஓ2 இல் வேரியபிள்கள் ரெஜிஸ்ரர்களிலேயே தங்கிவிடுவதால் குறைவாகத் தெரியும். ஓ2 போட்டதும் பிழை போய்விட்டது என்று யாரும் ஆறுதல் அடையவேண்டாம், அது பதுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபிளாக்கை ஒவ்வொரு சி ஃபைலுக்கும் கொடுக்கவேண்டும். ஒரு ஃபைல் தவறினாலும் அதே வில்லங்கம் வரும். ஜிசிசி கொம்பைலரின் துணை நூலகமான லிப்ஜிசிசியை இணைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: டிஸ்ரோவோடு (உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகம்) வரும் லிப்ஜிசிசி ரெட் சோனோடு கொம்பைல் ஆனது. கேர்னலுக்கென்று குறொஸ் கொம்பைலர் (வேறொரு இலக்குக்குக் கோட் எழுதும் கொம்பைலர்) கட்டுபவர்கள் அந்த நூலகத்தையும் ரெட் சோன் இல்லாமல் கட்டிக்கொள்வது இதனால்தான்.

கேள்வி: உபுண்டுவில் இருக்கும் ஜிசிசியைக் கொண்டு ஓ2 மட்டும் கொடுத்து கேர்னலைக் கொம்பைல் செய்கிறேன். லிங்க் பண்ணும்போது ‘ஸ்ராக் செக் ஃபெயில்’ என்ற ஃபங்சன் இல்லை, ‘மெம்செட்’ இல்லை என்கிறது. இரண்டையும் நானே எழுதிக் கொடுத்தேன். இப்போது ரீலொகேசன் துண்டிக்கப்பட்டது என்கிறது. ஒரேயடியாக என்னென்ன கொடுக்கவேண்டும்? (கொக்குவில் வாசகர்)

பதில்: ‘ஸ்ராக் செக் ஃபெயில்’ ஃபங்சனை வெறுமையாக எழுதி வைத்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அது பிழையை மூடி மறைக்கும், வேறொன்றும் செய்யாது. உபுண்டுவின் ஜிசிசி நாம் கேட்காமலே ஸ்ராக் காவலை (ஸ்ராக்கில் இடம் மீறி எழுதப்பட்டதா என்று பார்க்கும் சோதனை) போடும். அந்தக் காவல் எண்ணை எஃப்எஸ் செக்மென்ரின் 40 ஆவது பைட்டிலிருந்து வாசிக்கும். உங்கள் கேர்னல் எஃப்எஸ்ஸை அமைக்காதபோது அது முகவரி 40 ஐத் தொடுகிறது. பூச்சியப் பக்கம் மப் ஆகியிருந்தால் (மெமரியோடு இணைக்கப்பட்டிருந்தால்) ஏதோ ஒரு குப்பை எண் கிடைத்து ஓடும், மப் ஆகாவிட்டால் பேஜ் ஃபோல்ட். ‘எஃப்நோ-ஸ்ராக்-புரொடெக்ரர்’ கொடுங்கள். காவல் வேண்டுமென்றால் பிறகு முறையாக அமைக்கலாம். லினக்ஸ் கேர்னலும் அதைப் பாவிக்கிறது, ஆனால் தனக்கென்று இடம் ஒதுக்கித்தான் பாவிக்கிறது.

அடுத்தது ‘எஃப்ஃபிரீஸ்ராண்டிங்’. இங்கே சி நூலகம் இல்லை என்று கொம்பைலருக்குச் சொல்வது இதுதான். ஆனால் பலர் நினைப்பதுபோல இதைக் கொடுத்தால் நூலக அழைப்பே வராது என்பதில்லை. மெம்கொப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கொம்ப் ஆகிய நான்கும் எப்போதும் இருக்கும் என்றுதான் ஜிசிசி எதிர்பார்க்கும். பெரிய ஸ்ரக்டைப் பிரதி செய்யும் ஒரு வரி போதும், மெம்கொப்பி அழைப்பு முளைத்துவிடும். எனவே நான்கையும் நீங்கள் எழுதியே ஆகவேண்டும்.

எழுதும்போதும் ஒரு குழி இருக்கிறது. மெம்செட்டை ஒரு லூப்பாக எழுதுகிறீர்கள். ஓ2 இல் கொம்பைலர் அந்த லூப்பைப் பார்த்து, இது மெம்செட் செய்யும் வேலைதானே என்று அதை மெம்செட் அழைப்பாக மாற்றிவிடலாம். மெம்செட் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும். அது கடைசி வரியாக அமைந்தால் அழைப்புக்குப் பதில் ஒரு பாய்ச்சலாகும். ஸ்ராக்கும் நிரம்பாது, எந்த ஃபோல்ட்டும் வராது, கேர்னல் சும்மா நிற்கும். இதைக் கண்டு தவிர்க்கும் ஜிசிசி பதிப்புகளும் உண்டு. அதை நம்பியிராமல், இந்த நான்கு ஃபங்சன்களும் உள்ள ஃபைலுக்கு மட்டும் ‘எஃப்நோ-ட்ரீ-லூப்-டிஸ்ரிபியூட்-பட்டேர்ன்ஸ்’ கொடுங்கள்.

ரீலொகேசன் பிழை, அதாவது லிங்கர் நிரப்பவேண்டிய முகவரி ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமை, வரக் காரணம் இரண்டு. உங்கள் லிங்கர் ஸ்கிரிப்ட் கேர்னலை முகவரி வெளியின் உச்சி 2 ஜிபிக்குள் வைக்கிறது. கொம்பைலரோ எல்லாம் அடி 2 ஜிபிக்குள் இருக்கிறது என்று எண்ணி 32 பிட் முகவரிகளை எழுதுகிறது. ‘எம்சிமொடல்=கேர்னல்’ கொடுத்தால் குறி நீட்டப்பட்ட முகவரிகளாக எழுதும், உச்சி 2 ஜிபிக்கு அது சரியாகப் பொருந்தும். கேர்னலை வேறெங்காவது வைத்திருந்தால் இந்த மொடல் பொருந்தாது, ‘லார்ஜ்’ மொடலுக்குப் போகவேண்டும். கோட் பெருக்கும். அதைவிட கேர்னலை உச்சிக்கு நகர்த்துவதே நல்லது. மற்றக் காரணம் பிஐஈ (எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓடும் கோட்). உபுண்டு 16.10 இலிருந்து 64 பிட் ஜிசிசி தானாகவே பிஐஈ கோட் எழுதுகிறது. கொம்பைலுக்கு ‘எஃப்நோ-பிஐஈ’, ஜிசிசி ஊடாக லிங்க் செய்தால் அங்கே ‘நோ-பிஐஈ’, ‘ஸ்ரற்றிக்’, ‘நோஸ்ரட்லிப்’.

லிங்க் வெற்றியானதும், கேர்னலை ஏற்றும் புரோகிராமான கிரப், தான் கேர்னலை அடையாளம் காணும் மல்ரிபூட் ஹெடர் இல்லை என்று சொன்னால் திகைக்கவேண்டாம். ஹெடர் ஃபைலின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்கவேண்டும் (மல்ரிபூட் 2 என்றால் 32768). எல்டி 64 பிட்டில் பக்க அளவை 2 எம்பி என்று எடுத்துச் செக்சன்களைத் தள்ளிவைத்தால் அது அந்த எல்லையைத் தாண்டிப் போய்விடும். லிங்கருக்கு ‘செட் மக்ஸ்-பேஜ்-சைஸ்=4096’ (இங்கே ‘செட்’ என்பது z என்ற ஒற்றை எழுத்து) கொடுங்கள், ‘பில்ட்-ஐடி=நன்’ என்பதையும் சேருங்கள். பாவனையில் இல்லாத செக்சன்களை நீக்கச் சொல்லியிருந்தால் ஹெடர் செக்சனை ஸ்கிரிப்டில் ‘கீப்’ செய்யவேண்டும். அதை யாரும் கோட்டிலிருந்து அழைப்பதில்லை, லிங்கர் வீசிவிடும்.

கேள்வி: என்னுடைய கேர்னல் புது லப்டொப்பில் யூஈஎஃப்ஐ ஊடாக நன்றாக ஓடுகிறது. கிரப்பின் மல்ரிபூட் மூலம் பழைய பிசியில் ஏற்றினால் ஒரு ஸ்ரக்டைப் பூச்சியமாக்கும் வரியில் உடனே ரீபூட் ஆகிறது. மெமரி பழுதா? (சாவகச்சேரி)

பதில்: மெமரியை விடுங்கள், பார்க்கவேண்டியது எஸ்எஸ்ஈ (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் சிபியூ வசதி). 64 பிட் ஜிசிசிக்கு எஸ்எஸ்ஈ2 எப்போதும் உண்டு என்பது எடுகோள். ஸ்ரக்டைப் பூச்சியமாக்க 16 பைட் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்ரரைப் பாவிப்பது அதற்கு இலாபம். மெசினைத் தொடக்கும் யூஈஎஃப்ஐ ஃபேர்ம்வெயர் எஸ்எஸ்ஈயைத் திறந்துவைத்தே உங்களிடம் தருகிறது. மற்ற வழியில் வரும்போது எஸ்எஸ்ஈயைத் திறக்கும் சிஆர்4 ரெஜிஸ்ரரின் 9 ஆவது பிட் பூச்சியம், கட்டளை செல்லாது என்று சிபியூ 6 ஆம் எக்செப்சனை எழுப்புகிறது. அதைப் பிடிக்க ஐடிரி (எக்செப்சன் ஹான்ட்லர்களின் அட்டவணை) இன்னும் இல்லை, ஆகவே ரிப்பிள் ஃபோல்ட் (பிழையைக் கையாள்வதிலும் அடுத்தடுத்துப் பிழை), ரீபூட். மெசினைப் போலச் செய்யும் புரோகிராமான கியூஈமுவில் ‘டி இன்ட்’, ‘நோ-ரீபூட்’ இரண்டும் கொடுத்து ஓடவிட்டால் எந்த எக்செப்சன், எந்த முகவரி என்பது திரையில் வரும்.

பிட்டைத் திறந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். நாளை பயனர் புரோகிராம்கள் வரும்போது, இன்ரரப்டுக்குள் கேர்னல் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்ரரைத் தொட்டால் அந்தப் புரோகிராமின் கணக்குகள் சத்தமில்லாமல் பிழையாகிவிடும். ஒவ்வொரு இன்ரரப்டிலும் அவற்றைச் சேமித்து மீட்பது வீண் செலவு. லினக்ஸ் செய்வதுபோல கேர்னலுக்குள் அவற்றை முற்றாகத் தடுத்துவிடுங்கள்: ‘எம்நோ-எம்எம்எக்ஸ்’, ‘எம்நோ-எஸ்எஸ்ஈ’, ‘எம்நோ-எஸ்எஸ்ஈ2’, ‘எம்நோ-80387’. ஜிசிசி 7 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ‘எம்ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி’ என்ற ஒன்றே போதும். அதன் பிறகு எஸ்எஸ்ஈ ரெஜிஸ்ரர் தொடர்பான கொம்பைல் பிழை வந்தால், எங்கோ ஒரு ஃபுளோட் அல்லது டபிள் (தசம எண் வகைகள்) ஒளிந்திருக்கிறது, தேடி எடுங்கள். கட்டி முடிந்ததும் ஒப்ஜ்டம்ப் வெளியீட்டில் எக்ஸ்எம்எம் என்று கிரெப் செய்யுங்கள். ஒரு வரிகூட வரக்கூடாது.

கேள்வி: லினக்ஸ் கேர்னலைக் கட்டும்போது சிஃபிளாக்ஸ் இல் ஓ3, மார்ச்=நேட்டிவ் போட்டு எக்ஸ்போர்ட் செய்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. ஏன்? (சுன்னாகம்)

பதில்: லினக்ஸைக் கட்டும் அமைப்பான கேபில்ட் உங்கள் சூழல் மாறியில் உள்ள சிஃபிளாக்ஸைப் பார்ப்பதே இல்லை. சேர்க்கவேண்டியவற்றை ‘கேசிஃபிளாக்ஸ்’ இல் கொடுங்கள், மேக் கொமாண்ட் வரியிலேயே. அசெம்பிளி ஃபைல்களுக்கு ‘கேஏஃபிளாக்ஸ்’. இவை வரிசையின் கடைசியில் ஒட்டப்படும், ஓ2 க்குப் பின்னால் ஓ3 வந்தால் பின்னது வெல்லும். உண்மையில் போனதா என்று பார்க்க மேக்குக்கு ‘வி=1’ கொடுங்கள். அல்லது ஒப்ஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்தில் புள்ளியில் தொடங்கி ‘சிஎம்டி’ என்று முடியும் மறைந்த ஃபைலைத் திறங்கள், முழுக் கட்டளையும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஃபிளாக்கை மாற்றினால் எல்லா ஃபைலும் திரும்பக் கொம்பைல் ஆவது இந்தப் பதிவை ஒப்பிட்டுத்தான்.

ஒரு மொடியூலுக்கு மட்டும் என்றால் அதன் மேக்ஃபைலில் ‘சிசிஃபிளாக்ஸ்-வை’. ஒரே ஃபைலுக்கு என்றால் ‘சிஃபிளாக்ஸ்’ என்பதோடு அடிக்கோடிட்டு ஒப்ஜெக்ட் ஃபைலின் பெயர். ஒன்றை நீக்க ‘சிஃபிளாக்ஸ் ரிமூவ்’, அதுவும் அடிக்கோடுகளோடு.

இவ்வளவு சொன்னாலும், ஓ3 ஐயும் நேட்டிவ்வையும் கேர்னலில் போட்டுப் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். நேட்டிவ்வின் (கட்டும் மெசினின் சிபியூவுக்கென்றே கோட் எழுதச் சொல்வது) பெரிய இலாபம் எஸ்எஸ்ஈ போன்ற வெக்ரர் கட்டளைகளில். அவை கேர்னலில் மூடப்பட்டிருக்கின்றன. 2025 இல் வந்த 6.16 இல் நேட்டிவ்வுக்கென்று கொன்பிக்கிலேயே ஒரு ஒப்சன் இருக்கிறது, அதைப் பாவித்தால் போதும். அப்படிக் கட்டிய கேர்னலை லாபில் உள்ள மற்றப் பழைய மெசின்களுக்குப் பிரதி செய்யவேண்டாம், அவற்றில் பூட் ஆகாமல் போகலாம்.

கேள்வி: லினக்ஸின் மேக்ஃபைலில் ‘எஃப்நோ-ஸ்ரிக்ட்-ஏலியாசிங்’, ‘எஃப்நோ-டிலீட்-நல்-பொயின்ரர்-செக்ஸ்’ என்று வேகத்தைக் குறைக்கும் ஃபிளாக்குகள் உள்ளன. வெட்டிவிடலாமா? (நல்லூர்)

பதில்: வெட்டவேண்டாம். இரண்டாவதுக்கு வரலாறே இருக்கிறது. 2009 இல் டன் என்ற நெட்வேர்க் டிரைவரில், ஒரு பொயின்ரரின் உள்ளே இருந்து முதல் வரியில் வாசித்துவிட்டு, அடுத்த வரியில்தான் அது ‘நல்’ பொயின்ரரா (எதையும் காட்டாதது) என்று சோதித்திருந்தார்கள். முன்னமே வாசித்தாயிற்று, எனவே இது ‘நல்’ ஆக இருக்க முடியாது என்று முடிவுகட்டி ஜிசிசி சோதனை வரியையே அழித்துவிட்டது. பூச்சியப் பக்கத்தைத் தன் மெமரியில் மப் செய்யக்கூடிய ஒரு பயனர் அதன் வழியாக ரூட் உரிமையை எடுக்க முடிந்தது. அதன் பின்பே அந்த ஃபிளாக் லினக்ஸில் சேர்ந்தது. பயனர் புரோகிராமில் ‘நல்’ பொயின்ரரைத் தொட்டால் புரோகிராம் விழும், அவ்வளவுதான். கேர்னலில் பூச்சிய முகவரியில் உண்மையாகவே ஏதாவது இருக்கலாம். ஏலியாசிங்கும் அப்படித்தான்: ஒரே பைட்டுகளை வேறு வேறு வகையாகப் பார்ப்பது கேர்னலில் அன்றாட வேலை. வகை வேறென்றால் இடமும் வேறு என்று கொம்பைலர் எண்ணத் தொடங்கினால் எழுதியது வாசிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

கேள்வி: புது டிஸ்ரோவுக்கு மாறியதும் பழைய கேர்னல் மூலத்தைக் கொம்பைல் பண்ண முடியவில்லை. ‘ஃபோல்ஸ்’ என்ற சொல்லை ‘enum’ மாறிலியாகப் பாவிக்க முடியாது என்கிறது. (பருத்தித்துறை)

பதில்: ஜிசிசி 15 இன் வேலை. 2025 ஏப்பிரலில் வந்த இந்தப் பதிப்பில் இயல்பு சி மொழி ‘க்னூ23’. அதில் பூல், ட்ரூ, ஃபோல்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். 5.18 இலிருந்து கேர்னலின் பிரதான மேக்ஃபைல் ‘க்னூ11’ என்று குறித்துச் சொல்கிறது. ஆனால் பூட் பகுதியின் மேக்ஃபைல்கள் ஃபிளாக்குகளைப் புதிதாக எழுதுவதால் அது அங்கே போய்ச் சேர்வதில்லை. கேசிஃபிளாக்ஸில் போட்டாலும் அதே காரணத்தால் அங்கே எட்டாது. எந்தக் கொம்பைலர் என்று மேக்குக்குச் சொல்லும் மாறியான சிசியின் பெறுமதியையே ‘ஜிசிசி’ என்பதோடு ‘எஸ்ரிடி=க்னூ11’ சேர்த்து மேற்கோளுக்குள் கொடுத்தால் எட்டும். எங்கள் தெரிவு வேறு: ஜிசிசி 13 ஐ நிறுவி, சிசி, ஹோஸ்ட்சிசி இரண்டுக்கும் அதைக் கொடுங்கள். அல்லது அதே வரிசையில் பிந்திய திருத்தப் பதிப்பை எடுங்கள். எதைச் செய்தாலும் மெனுகொன்பிக், கட்டுதல், மொடியூல் நிறுவுதல் என்று ஒவ்வொரு மேக் கட்டளைக்கும் அதே சிசி. ஒன்றில் மறந்தால் கொன்பிக் மற்றக் கொம்பைலருக்கு ஏற்ப மாறி, எல்லாம் முதலிலிருந்து ஓடும்.

உபுண்டுவின் கொன்பிக்கை எடுத்துக் கட்டுபவர்களுக்கு ‘கனொனிக்கல்-செர்ட்ஸ்’ ஃபைல் இல்லை என்ற பிழையும் வரும். ‘ஸ்கிரிப்ட்ஸ்/கொன்பிக்’ கொண்டு நம்பகச் சாவிகள், மீளப்பெற்ற சாவிகள் என்ற இரண்டு வரிகளையும் வெறுமையாக்குங்கள்.

கேள்வி: ஜிடிபி டிபக்கரில் எந்த வேரியபிளைக் கேட்டாலும் ‘ஒப்டிமைஸ்ட் அவுட்’. லினக்ஸை ஓ0 இல் கட்டமுடியாதா? (கோப்பாய்)

பதில்: முடியாது. நடவாத கிளைகளைக் கொம்பைலர் வெட்டும், சிறு ஃபங்சன்களை உள்ளே இழுக்கும் என்று நம்பித்தான் அந்தக் கோட் எழுதப்பட்டிருக்கிறது. ஓ0 இல் அசெம்பிளி வரிகளுக்கு வேண்டிய மாறிலிகள் மாறிலியாகத் தெரியாமல் பிழை கொட்டும். நீங்கள் பார்க்கும் ஃபைலுக்கு மட்டும் ‘ஓஜி’ கொடுங்கள், பார்க்கவேண்டிய ஃபங்சனில் ‘நோஇன்லைன்’ போடுங்கள். பூட் வரியில் ‘நோகேஏஎஸ்எல்ஆர்’ இல்லாவிட்டால் பிரேக்பொயின்ற் எதுவும் பிடிக்காது, முகவரிகள் ஒவ்வொரு முறையும் மாறும்.

கேள்வி: கொம்பைல் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. வந்தபின் மேக்கைத் தொடர்ந்தால் லிங்கர் ஏதோ ஒரு ஒப்ஜெக்ட் ஃபைலை அடையாளம் தெரியவில்லை என்கிறது. முழுதாக மேக் கிளீன் செய்யத்தான் வேண்டுமா? (அச்சுவேலி)

பதில்: தேவையில்லை. கொன்ட்ரோல்-சி அழுத்தினால் மேக் அரைகுறை ஃபைலை அழித்துவிட்டுத்தான் போகும். கரண்ட் போனால் அதற்கு நேரம் இல்லை. பெயரும் நேரமும் டிஸ்க்கில் பதிந்து, உள்ளடக்கம் பதியாத ஃபைல்கள் மிஞ்சும். நேரம் புதியதாக இருப்பதால் மேக் அவற்றை முடிந்தவை என்று எடுத்துக்கொள்ளும். ஃபைன்ட் கட்டளையில் அளவு பூச்சியம் என்று கேட்டு, ஒப்ஜெக்ட் ஃபைல்களையும் புள்ளியில் தொடங்கும் சிஎம்டி ஃபைல்களையும் அழியுங்கள். லிங்கர் பெயர் சொன்ன ஃபைலையும் அளவு பாராமல் அழியுங்கள். பிறகு மேக்கைத் தொடருங்கள். சிகாஷ் (கொம்பைல் முடிவுகளைச் சேமித்து வைக்கும் கருவி) நிறுவி வைத்திருந்தால் மேக் கிளீன் செய்யவேண்டி வந்தாலும் இரண்டாம் முறை விரைவாக முடியும்.

4 ஜிபி மெமரி லப்டொப்பில் கட்டுபவர்கள் டிபக் தகவலை நிறுத்திவிடுங்கள். இறுதி லிங்க்கில் மெமரி போதாமல் லிங்கர் ‘கில்ட்’ என்று நின்றால் அது ஃபிளாக்கின் குற்றமல்ல, டிமெசேஜில் (கேர்னலின் செய்திப் பதிவு) பாருங்கள். மேக்குக்குக் கொடுக்கும் ஜே எண்ணை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) குறைத்தால் கொம்பைல் கட்டம் தப்பும். லிங்க் கட்டத்துக்கு ஸ்வப் (மெமரியின் மிகுதிக்கு டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) வேண்டும்.

கேள்வி: ராஸ்பெரி பை 4 க்கு என் பிசியிலேயே கேர்னல் கட்டுகிறேன். மார்ச்=நேட்டிவ் ஏற்க மறுக்கிறது. (மானிப்பாய்)

பதில்: நேட்டிவ் என்பது கொம்பைலர் ஓடும் மெசின். உங்களுடையது இன்ரெல் பிசி, பையோ ஆர்ம். குறொஸ் கொம்பைலருக்கு அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை, அதை எடுத்துவிடுங்கள். ‘ஆர்க்’ இல் ஆர்ம்64, ‘குறொஸ் கொம்பைல்’ இல் ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னூ என்பதோடு கடைசியில் ஒரு கோடு. அந்தக் கோட்டை விட்டால் கொம்பைலரையே காணவில்லை என்று சொல்லும். ராஸ்பெரி பையின் மூலத்தில் பை 4 க்கு பிசிஎம்2711 டெஃப்கொன்பிக், பை 5 க்கு பிசிஎம்2712. பை 4 க்கு வரும் இமேஜை பூட் பகுதியில் ‘கேர்னல்8’ என்ற பெயரில் வையுங்கள், பழையதை வேறு பெயரில் வைத்துவிட்டு.